பெயரை மாற்ற வேண்டாம், தகப்பன் பெயரை முழுதாக எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர், தம் அலுவலகத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பதால் படும் பாட்டை விவரமாக எழுதியிருந்தார். தபால் மாறுகிறது, விடுப்பு விண்ணப்பம் மாறுகிறது, ஒருவருக்கு வர வேண்டிய மெமோ இன்னொருவர் மேஜைக்குப் போகிறது என்று வருத்தப்பட்டுவிட்டு, முடிவில் ஒரு யோசனையும் சொல்லியிருந்தார். இனிமேல் பிள்ளைகளுக்கு இசக்கி, சுடலை, சொரிமுத்து என்று ஊரெல்லாம் இருக்கிற பெயரை வைக்க வேண்டாம், யாருக்கும் இல்லாத புதுப் பெயராகத் தேடி வைக்க வேண்டும் என்பது அந்த யோசனை.

அவர் பட்ட சிரமம் எனக்கு நன்றாகப் புரிகிறது. யோசனையைத்தான் ஏற்க முடியவில்லை. நான் ஒரு சொரிமுத்து. திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த பஸ்ஸின் டிரைவர் பெயரும் சொரிமுத்து. அவருடைய அப்பா மாரியப்பன், என்னுடைய அப்பா மாடசாமி. ஆகவே இருவருமே மா. சொரிமுத்து. ஒரே வண்டி, ஒரே பெயர், ஒரே இனிஷியல். அவ்வளவு குழப்பத்தையும் பார்த்த பிறகும், என் பேரனுக்கு அதே பெயரை வைக்க வேண்டும் என்று மகனிடமும் மருமகளிடமும் கேட்டேன். அவர்களும் மனமுவந்து வைத்தார்கள். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வெளியூர் வாசகர்களுக்காக முதலில் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், தாமிரபரணிக் கரையில், காட்டுக்குள் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். அந்தக் காடு இன்று களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். ஆடி அமாவாசைக்கு அங்கே கூடும் கூட்டத்தை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். முன்பெல்லாம் குடும்பம் குடும்பமாக அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கட்டிக்கொண்டு போய், ஆற்றங்கரையில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். பட்டவராயன் சன்னதியில் புதுச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி அவர்கள் 2020-ல் மறையும் காலம் வரை, அந்தத் திருவிழாவில் ராஜ உடையில் அமர்ந்து காட்சி கொடுத்ததை எங்கள் தலைமுறை மறக்காது. அந்த அய்யனாரைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு சொரிமுத்தாவது இருப்பான். அங்கேதான் எனக்கு முதல் மொட்டை போட்டார்கள், அங்கேதான் காது குத்தினார்கள். பெயர் என் தாத்தாவுடையது.

எங்கள் சீமையில் அந்தந்த ஊர்ச் சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதால், பெயரைக் கேட்டாலே ஆள் எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். வானமாமலை என்றால் நாங்குநேரி. நம்பிராஜன் என்றால் திருக்குறுங்குடி. கோமதியும் சங்கரநாராயணனும் சங்கரன்கோவில். காந்திமதி திருநெல்வேலி டவுன், உலகம்மாள் பாபநாசம், குற்றாலநாதன் குற்றாலம், சுயம்புலிங்கம் உவரி. பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்கு முகைதீன் என்று பெயர் வைத்த குடும்பங்கள் எத்தனையோ. கண்டக்டர் வேலை பார்த்தவனுக்கு இது நன்றாகத் தெரியும். பஸ்ஸில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே, இவர் இன்ன ஊரில் இறங்குவார் என்று மனதுக்குள் கணக்குப் போடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இந்தப் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு எங்கும் ஒட்டாத இரண்டெழுத்துப் பெயர்களை வைத்தால் ரிஜிஸ்டரில் குழப்பம் இருக்காதுதான். அந்தப் பிள்ளைக்கு ஊரும் இருக்காது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே அந்த வண்டியில் டிரைவர். என்னைவிட மூத்தவர், ஊர் கல்லிடைக்குறிச்சி. நான் விக்கிரமசிங்கபுரம். ஆபீசில் என் பெயரைக் கேட்டதும் மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொரு சொரிமுத்தா?" என்றார். வேறு வண்டி காலியில்லாததால் இருவரையும் ஜோடியாகவே போட்டார்கள். அன்று முதல் அவர் 'கல்லிடை', நான் 'வி.கே.புரம்'. டைம் கீப்பர் அப்படித்தான் கூப்பிடுவார், செக்கர் அப்படித்தான் கூப்பிடுவார், டீக்கடையில் கணக்கும் அப்படித்தான் எழுதுவார்கள். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஒருவர் பெயரை ஒருவர் வாயால் சொல்லும் அவசியமே எங்களுக்கு வரவில்லை.

வீட்டில் அதைவிட வேடிக்கை. என் பெயர் என் அப்பாவின் தகப்பனார் பெயர் என்பதால், மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று என் அம்மா கடைசி வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஐயா" என்றுதான் கூப்பிடுவாள். பிறகு கல்யாணமாகி வந்த என் மனைவி, புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று டிரைவர் அண்ணாச்சியின் பெயரையும் சொல்ல மாட்டாள். அவளுக்கு அவர் 'கல்லிடை அண்ணன்'. அவர் மனைவிக்கும் அதே கட்டுப்பாடு. மதினி என்னைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் "உங்கள் பெயர்காரத் தம்பி" என்பார். இந்தக் காலத்துப் பெண்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். பெயருக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது.

குழப்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பத்தமடை ஆச்சியின் விஷயம். பாய்க்கட்டோடு ஸ்டாப்பில் நின்ற அந்த ஆச்சியை, வண்டி நிறைந்து படியில் ஆள் தொங்கியதால் ஏற்றாமல் அண்ணாச்சி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆச்சி விடவில்லை. யார் அந்த வண்டியில் என்று விசாரித்து, சொரிமுத்து என்று பெயரைத் தெரிந்துகொண்டு, மறுநாள் சரியாக எங்கள் வண்டிக்குக் காத்திருந்து ஏறினாள். "நீதான் சொரிமுத்தா?" என்றாள். ஆமாம் ஆச்சி என்றேன். அவ்வளவுதான். பத்தமடையில் தொடங்கிய வசவு பேட்டை வரை நிற்கவில்லை. எங்கள் பக்கத்து ஆச்சிகளின் வசவில் கெட்ட வார்த்தை இருக்காது. வளர்த்த விதத்திலிருந்து தொடங்கி, வயதான காலத்தில் நம் காலும் வலிக்கும் என்பதில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கேட்கிறவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அண்ணாச்சியைக் கை காட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் அண்ணாச்சியின் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. பேட்டையில் வண்டியை நிறுத்தியதும் அவர் இறங்கிப் பின்படிக்கு வந்து, பாய்க்கட்டைத் தம் கையாலேயே இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆச்சி, வண்டியை நிறுத்தாமல் போனவன் நான். என் பெயரும் சொரிமுத்துதான். திட்டு எனக்குச் சேர வேண்டியது." ஆச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருந்ததை எல்லாம் இவனுக்குச் சொல்லித் தீர்த்துவிட்டேனே! உனக்கு நாளைக்கு வருகிறேன்" என்றாள். சொன்னபடி வந்தாள், வெற்றிலை வாங்கிக் கொடுத்து அண்ணாச்சி சமாதானப்படுத்தினார். அதன் பிறகு அந்த ஸ்டாப்பில் ஆச்சி கை காட்டி நிற்காமல் போன நாள் கிடையாது.

நன்மையும் மாறி வந்ததுண்டு. சேரன்மகாதேவியில் இறங்கிய ஒரு அம்மாள் துணிப்பையைச் சீட்டில் விட்டுவிட்டுப் போனார். உள்ளே மருத்துவச் சீட்டுகளும் கொஞ்சம் பணமும் இருந்தன. மறு நடையில் அவர் அலறியடித்துக்கொண்டு நிற்க, நான் எடுத்து வைத்திருந்த பையைக் கொடுத்தேன். சில நாள் கழித்து அவர் உடன்குடியிலிருந்து வரவழைத்த கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் கட்டிக் கொண்டுவந்து, டீக்கடையில் "சொரிமுத்துவிடம் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர் கல்லிடையிடம் கொடுத்துவிட்டார். யாரோ அன்பாகக் கொடுத்தது என்று அவரும் வீட்டுக்குக் கொண்டுபோனார். மதினி அதில் பணியாரம் சுட்டு, தூக்குச் சட்டியில் எனக்கும் கொடுத்து அனுப்பினார். பாதிப் பணியாரம் தின்று முடித்த பிறகுதான் கருப்பட்டி எனக்கு வந்தது என்று தெரிந்தது. பணியாரமாக வந்ததே நல்லது என்று தோன்றியது. வெறும் கருப்பட்டியாக வந்திருந்தால் எங்கள் வீட்டில் காப்பியில் போட்டுத் தீர்த்திருப்பார்கள்.

கண்ணாடி விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு முறை டிரைவர், கண்டக்டர் எல்லோருக்கும் கண் பரிசோதனை நடத்தி, கண்ணாடியைக் காகித உறையில் போட்டு அனுப்பினார்கள். இரண்டு உறையிலும் 'எம். சொரிமுத்து'. எனக்கு வெள்ளெழுத்து, அவருக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டோம். நான் போட்டுக்கொண்டு டிக்கெட் கட்டைப் பார்த்தால் எழுத்தெல்லாம் கலங்கிக் கிடக்கிறது. அவர் தரையில் நின்று போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, எதிரே நிற்கிற வண்டியின் போர்டே தெரியவில்லையே" என்றார். அங்கேயே மாற்றிக்கொண்டோம். இதை வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிற டிரைவருக்குக் கண்ணாடி மாறுவது சிரிக்கும் விஷயமல்ல. அண்ணாச்சி எதையும் ஸ்டீயரிங்கில் உட்காரும் முன் சோதித்துப் பார்க்கும் மனிதர் என்பதால் அது வேடிக்கையோடு நின்றது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் என் கல்யாணத்தில் வந்தது. கடையத்தில் பெண் இருக்கிறது என்று தரகர் சொல்லி, ஜாதகம் பொருந்தி, பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையை நேரில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பியிருக்கிறார். சொல்லாமல் வந்து பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. சொல்லிவிட்டு வந்தால் எந்தப் பையனும் நல்லவனாகத்தான் இருப்பான். அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, "சொரிமுத்து வேலை பார்க்கிற பாபநாசம் வண்டி எது?" என்று கேட்டிருக்கிறார். பழக்கடைக்காரர், "இதோ வருகிறதே, ஸ்டீயரிங்கில் இருக்கிறவர்தான்" என்று காட்டிவிட்டார்.

அவர் ஏறி டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. சேரன்மகாதேவிக்கு டிக்கெட் கேட்டார். கிழித்துக் கொடுத்தேன். பிறகு என்னை அருகில் கூப்பிட்டு, மெதுவான குரலில், "தம்பி, இந்தச் சொரிமுத்து ஆள் எப்படி?" என்றார். டிரைவரைப் பற்றித்தான் கேட்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "தங்கமான மனிதர் ஐயா. வெற்றிலைகூடப் போட மாட்டார். வண்டியை விட்டால் வீடு, வீட்டை விட்டால் வண்டி. பெண்டாட்டி பிள்ளைகள் என்றால் உயிர்" என்றேன். அவர் முகம் போன போக்கை இப்போதும் சொல்ல முடியும். வாய் கொஞ்சம் திறந்து, அப்படியே நின்றது. "பெண்டாட்டி பிள்ளைகளா?" என்றார். "இரண்டு பிள்ளைகள் ஐயா, மூத்தது பெண்" என்றேன்.

அதற்குள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி வந்துவிட்டது. வழக்கம்போல் மதினி இடுப்பில் சின்னவனோடு தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மூத்தவள், "அப்பா, வரும்போது திருநெல்வேலியிலிருந்து அல்வா" என்று கத்தினாள். கடையத்துப் பெரியவர் எழுந்தார். டிக்கெட் சேரன்மகாதேவிக்கு என்றாலும் அங்கேயே இறங்கிவிட்டார். மீதிச் சில்லறையைக்கூட வாங்கவில்லை. ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விசிலை ஊதினேன்.

மறுநாள் தரகர் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனானவனுக்குப் பெண் கேட்கலாமா, நானும் நாலு வீட்டுக்குப் போய்வருகிறவன் இல்லையா என்று ஒரே கூச்சல். அம்மா ஒன்றும் புரியாமல் அழுதாள். அக்கம்பக்கத்தில் வேலிக்கு மேல் தலைகள் எழும்பின. நான் வேலை முடிந்து வந்து, மஞ்சள் பைப் பெரியவர் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது இரவாகிவிட்டது. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வார ஓய்வு நாளில் மதினியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, எனக்குச் சொல்லாமலே கடையத்துக்குப் போய்விட்டார். அந்த வீட்டுத் திண்ணையில் குடும்பத்தோடு உட்கார்ந்து, "ஐயா, நான் மாரியப்பன் மகன் சொரிமுத்து, ஊர் கல்லிடை. இது என் மனைவி, இவை என் பிள்ளைகள். உங்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தானே, அவன் மாடசாமி மகன் சொரிமுத்து, ஊர் வி.கே.புரம். பாக்கிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னான்" என்று சொல்லி, சில்லறையை எண்ணி வைத்திருக்கிறார். நான் அப்படி எதுவும் சொல்லியனுப்பவில்லை. அது அவராகச் செய்தது. பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு மேல் தாத்தா பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் மூன்றையும் வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் போட்டவர் என் மாமனார்தான். கடையம் இப்போது தென்காசி மாவட்டமாகிவிட்டது. மாமனாரும் இல்லை. அந்தப் பத்திரிகையை என் மனைவி இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

யாருக்கும் இல்லாத பெயராக வையுங்கள் என்று எழுதிய அன்பர் இதைக் கவனிக்க வேண்டும். அண்ணாச்சியின் பெயர் வேறாக இருந்திருந்தால் அவர் எனக்கு ஒரு டிரைவர், அவ்வளவுதான். பெயர் ஒன்றாக இருந்ததால்தான் என் மேல் வந்த பழியைத் தம் மேல் வந்ததாக நினைத்து அவர் கடையத்துக்குப் போனார். ஆடி அமாவாசையன்று காரையாற்றில் ஒலிபெருக்கியில், "காணாமல் போன சிறுவன் சொரிமுத்துவின் பெற்றோர் உடனே வரவும்" என்று அறிவித்தால், பெற்ற பிள்ளை கையில் இருக்கும்போதே எத்தனை தகப்பன்மார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். நானும் திரும்பிப் பார்த்தவன்தான். அந்தப் பிள்ளை கிடைத்துவிட்டதா என்று கேட்காமல் ஒரு சொரிமுத்துவும் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டான்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த அன்பர் பக்கம் நானும் நிற்கிறேன். பணமும் ஆவணமும் சம்பந்தப்பட்ட இடத்தில் குழப்பம் வந்தால் தாங்க முடியாது. எனக்கு அது வருங்கால வைப்பு நிதியில் வந்தது. 2014-ல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் யு.ஏ.என். என்று நிரந்தர எண் கொடுக்கும் முறை வந்ததே, அப்போது ஏற்றியவர்கள் 'எம். சொரிமுத்து' என்ற பெயரைப் பார்த்து என் கணக்கை அவர் எண்ணிலும் அவர் கணக்கை என் எண்ணிலும் சேர்த்துவிட்டார்கள். எண் வந்துவிட்டால் பெயர்க் குழப்பம் தீர்ந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தீராது. எண்ணை ஆளோடு சேர்க்கிறவர் பெயரைப் பார்த்துத்தான் சேர்க்கிறார். அண்ணாச்சி எனக்கு முன்பே ஓய்வு பெற்றபோதுதான் இது வெளியே வந்தது. அவர் பணம் முடங்கிவிட்டது. மகள் பேறுகாலத்துக்கு வந்திருந்த நேரம். வட்டிக்கு வாங்கிச் செலவு செய்தார். நாங்கள் இருவரும் சேர்ந்தே அலைந்தோம். ஒரு கவுண்டரில் இருந்தவர், உங்களில் ஒருவர் கெஜட்டில் போட்டுப் பெயரை மாற்றிக்கொண்டால் சுலபமாகிவிடும் என்றார். அண்ணாச்சி கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். "மூன்று தலைமுறையாக வருகிற பெயர் ஐயா இது. உங்கள் ரிஜிஸ்டரில் எங்கள் தகப்பன் பெயரை எழுத இடம் இல்லை என்றால் ரிஜிஸ்டரை மாற்றுங்கள்" என்றார். முடிவில், பழைய சம்பள ரிஜிஸ்டரில் மாரியப்பன் என்றும் மாடசாமி என்றும் முழுதாக எழுதியிருந்த ஒரே ஒரு பக்கத்தைத் தேடி எடுத்துக் காட்டித்தான் காரியம் ஆனது.

நான் கேட்பது அதைத்தான். தமிழ்ப் பெயர்களுக்கு இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் ஆணை பிறப்பித்தது நல்ல காரியம். சண்முகம் மகள், சுப்பையா மகள், செல்லையா மகள் மூவரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் 'எஸ். காந்திமதி'. தமிழில் ச., சு., செ. என்று தனித்தனியாக நிற்கிறார்கள். ஆனால் எங்களைப் போல் தமிழிலும் 'மா.' என்றே வருகிறவர்களுக்கு அது போதாது. நிலப் பத்திரம் எழுதுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். இன்ன ஊரில் வசிக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் ஒரே தெருவில் ஒரே பெயரில் பலர் இருந்தும், வயல் வேறொருவர் பெயருக்குப் போகாமல் இருப்பது அதனால்தான். கம்பெனியும் வங்கியும் அலுவலகமும் இனிஷியலை நம்பாமல், தகப்பன் பெயரையோ தாய் பெயரையோ முழுதாக எழுதி, பக்கத்தில் ஊரையும் எழுதினால் எவ்வளவோ அலைச்சல் குறையும். கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் கூடுதலாக வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்? அதைச் செய்யாமல் பிள்ளைகளின் பெயரை மாற்றச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று அந்த அன்பர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஆசிரியர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முன்பு ஒரு முறை, பாபநாசம் படித்துறையில் குளித்தவர்கள் துணிகளைத் தாமிரபரணியிலேயே விட்டுவிட்டுப் போவதைக் கண்டித்து நான் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழ் வெளியிட்டது. அதற்கு நன்றி. ஆனால் அடியில் 'மா. சொரிமுத்து, நெல்லை மாவட்டம்' என்று மட்டும் அச்சாகியிருந்தது. கல்லிடைக்குறிச்சியில் நாலு பேர் அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ப் பாராட்டி, பொன்னாடையும் போர்த்திவிட்டார்கள். எழுதியவன் நான் இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, தன்னடக்கம் என்று இன்னும் பாராட்டியிருக்கிறார்கள். மறுநாளே முதல் பஸ்ஸில் ஏறி வந்து, பொன்னாடையை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். இந்த வயதில் அவருக்கு முழங்கால் வலி அதிகம், பஸ் படி ஏற முடியாது. ஆகவே, இந்தக் கடிதத்தை வெளியிட்டால் கீழே உள்ளபடியே, ஒன்றையும் சுருக்காமல் அச்சிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மாடசாமி மகன் சொரிமுத்து,
ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்,
விக்கிரமசிங்கபுரம்,
திருநெல்வேலி மாவட்டம்.